பொன்னும் உப்பும் ஏடும்: பண்டைய மாலியைக் கற்பது பற்றி

அண்மைக் காலத்திலே ஆபிரிக்க இலக்கியத்தின்பால் நம்மவர் சிலர் கவனஞ் செலுத்தத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. நாவல்களும் கவிதைகளும் தமிழிற் பெயர்க்கப்படுகின்றன. அவை பற்றிக் கட்டுரைகளும் வெளிவருகின்றன. ஆனால் அந்த இலக்கியம் வேரூன்றி நிற்கும் பழமையைப் பற்றி நாம் அறிந்தது மிகச் சொற்பமே. நம்மிற் பலருக்குப் பள்ளிக்கூடத்திலே ஆபிரிக்கா அறிமுகமானது வாஸ்கோ ட காமாவின் கடல்வழியிற் கிடந்த ஒரு முனையாகத்தான். அவன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு வந்தான். நாமும் அவனோடு சேர்ந்து சுற்றிக்கொண்டு வந்துவிட்டோம். உள்ளே போகவில்லை.

உள்ளே போய்ப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னவர்களும் சாமானியரல்லர். ஜெர்மானியத் தத்துவஞானி ஹேகல் தமது வரலாற்றுத் தத்துவ விரிவுரைகளிலே ஆபிரிக்காவை உலக வரலாற்றின் பகுதியன்று என ஒதுக்கினார். அவ்வாறு ஒதுக்குவதற்கு இடைஞ்சலாயிருந்த எகிப்தை அக்கண்டத்திலிருந்து பிரித்தெடுத்துக் கீழைத்தேசங்களின் கணக்கிலே சேர்த்துக்கொண்டார். அவ்விரிவுரைகள் 1837 இல் நூலாயின. ஒரு நூற்றாண்டுக்கு மேற் கழிந்தபின், 1963 இல், ஒக்ஸ்போட் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியராயிருந்த ஹியூ ட்ரெவர்-றோப்பர், ஆபிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மாத்திரமே உண்டென்றும் எஞ்சியது இருளென்றும் கருத்து வெளியிட்டார். ஆபிரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. வரலாறு இல்லாதவனுக்கு விடுதலை எதற்கு என்ற வினா அக்கூற்றினுள்ளே ஒளிந்திருந்தது என நாம் கொள்வது மிகையாகாது.

இதற்கு மறுமொழி கூறியோர் பலர். செய்க் அந்தா டியோப் 1954 இலும், பேசில் டேவிட்சன் 1959 இலும் வெளியிட்ட நூல்கள் பலருடைய கண்களைத் திறந்தன. யுனெஸ்கோ 1964 இலே தொடங்கிய ஆபிரிக்கப் பொது வரலாறு எட்டுத் தொகுதிகளாக வளர்ந்தது. அதன் முதலாந் தொகுதி 1981 இல் வெளியாயிற்று. ஆயினும் மறுமொழி கூறும் வேகத்திலே இன்னொரு மயக்கமும் தோன்றிவிட்டது. உங்களுக்கு அரசர்கள் இருந்தார்களா, எங்களுக்கும் இருந்தார்கள். உங்கள் அரசரிலும் எங்கள் அரசர் பெரியர் என்னும் வாதம் அது. மாலிப் பேரரசன் மன்சா மூசாவை உலக வரலாற்றின் முதற் செல்வந்தனென இன்றைய பத்திரிகைகள் கொண்டாடுவது இம்மயக்கத்தின் விளைவே. 1324 இல் மக்காவுக்குப் போகும் வழியிலே கெய்ரோவில் அவன் வாரியிறைத்த பொன்னினால் அந்நகரத்திற் பொன்விலையே வீழ்ந்தது. முன்பு 25 திர்கத்துக்குக் குறையாதிருந்த ஒரு மிஸ்கால் பொன் 22 திர்கத்துக்கும் அதற்குக் கீழும் இறங்கியதாகவும், பன்னிரண்டு ஆண்டுகள் சென்ற பின்னரும் விலை தேறவில்லையென்றும் அல்-உமரி எழுதுகிறார். செய்தி சுவையானதுதான். ஆனால் அந்தப் பொன்னை மண்ணிலிருந்து எடுத்தவன் யார் என்று கேளாதவரை, நாம் இருட்கொள்கையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமேயன்றி அதிலிருந்து விடுபட்டவர்களல்லேம்.

இக்கட்டுரையிலே நாம் எடுத்துக்கொள்வது மேற்கு ஆபிரிக்காவின் நைகர் நதிப் பிரதேசத்தை. அங்கே இஸ்லாம் பரவிய காலத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஏடுகளும் வாய்மொழிக் காவியங்களும் யாருடைய வாயிலிருந்து வருகின்றன, யாரைப் பற்றிப் பேசாது விடுகின்றன என்பதே நமது வினா.

பாலைவனத்தைக் கடந்து அறபு வணிகர் வந்தனர். அவரோடு நகரமும் நாகரிகமும் வந்தன என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 1977 இல் றொடரிக் மக்கின்ரொஷ், சூசன் மக்கின்ரொஷ் என்னும் தொல்லியலாளர் இருவர், இன்றைய ஜென்னே நகருக்கு மூன்று கிலோமீற்றர் அப்பாலுள்ள ஜென்னே-ஜெனோ என்னும் மேட்டை அகழ்ந்தபோது இக்கதை பொய்த்தது. ஏறக்குறைய கி.மு. 250 இலே அங்கு மக்கள் குடியேறியிருந்தனர், கி.பி. 850 அளவிலே அக்குடியிருப்பு 33 ஹெக்டேயர் பரப்புடைய நகரமாகிவிட்டது. கல்லும் இரும்புக் கனியமும் கிடையாத வண்டல் நிலம் அது. அவையெல்லாம் வெளியிலிருந்து வந்திருக்கின்றன. வந்தவற்றுக்கு ஈடாக ஆபிரிக்காவுக்கே உரிய நெல்லினமும் மீனும் வெளியே சென்றிருத்தல் வேண்டும். இவ்வளவு பெரிய நகரத்திலே அரண்மனை எதுவும் அகப்படவில்லை. நகரம் என்றவுடன் கோட்டையையும் கொற்றவனையும் தேடும் பழக்கமுடைய நமக்கு இது சிந்தனைக்குரிய செய்தியாகும். கொல்லரும் மீனவரும் உழவரும் வணிகரும் தத்தம் மேடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்து ஒரு நகரத்தை நடத்தியிருக்கிறார்கள் என்பது அகழ்ந்தோர் கருத்து.

ஆகவே இஸ்லாம் அங்கே வெற்று நிலத்தில் வந்திறங்கவில்லை. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த வணிக வாழ்வினுள்ளே அது புகுந்தது. வாளேந்திப் புகுந்தது என்பாருமுளர். 1076 இல் அல்மொறாவித்துகள் எனப்படும் பாலைநில வீரர் கானாப் பேரரசை வென்று மக்களை மதமாற்றினர் என்பது பாடநூல்களிலே நிலைபெற்றுவிட்ட கூற்று. (பழைய கானா இன்றைய மோரித்தானியா, மாலி எல்லைப் பிரதேசத்தில் இருந்தது, இன்றைய கானா 1957 இல் அப்பெயரைச் சூடிக்கொண்டது.) டேவிட் கொன்றட், ஹம்ப்றி ஃபிஷர் ஆகிய இருவரும் 1982, 1983 ஆம் ஆண்டுகளில் மூலங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அப்படியொரு வெற்றி நிகழ்ந்ததற்குச் சான்றில்லை எனக் காட்டினர். எனினும் பாடநூல்கள் எளிதில் மனம் மாறுவதில்லை.

வாள் இல்லையெனின் வேறென்ன? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் அல்-பக்ரியைப் படிக்கவேண்டும். அவர் கொர்தோவா நகரத்து அறிஞர். ஆபிரிக்காவின் அப்பகுதியைக் கண்ணாற் கண்டவரல்லர். வணிகர் கூறியவற்றைக் கேட்டு 1068 அளவிலே எழுதியவர். கானாவின் தலைநகர் இரண்டு ஊர்களாலாயது என்கிறார். ஓரூரிலே முஸ்லிம் வணிகர் வாழ்கின்றனர். அங்கே பன்னிரண்டு பள்ளிவாசல்கள். ஆறு மைல் தள்ளி அரசனின் ஊர். அவன் தன் முன்னோர் சமயத்தையே பின்பற்றுகிறான். ஆனால் அவனுடைய மொழிபெயர்ப்பாளரும் பொருட்காப்பாளனும் அமைச்சருட் பெரும்பாலோரும் முஸ்லிம்கள். நாட்டினுள்ளே வரும் ஒவ்வொரு கழுதைச் சுமை உப்புக்கும் ஒரு தீனார் வரி; வெளியே போகும் சுமைக்கு இரண்டு தீனார். சுரங்கத்திற் கிடைக்கும் பொற்கட்டிகள் அரசனுக்கு, பொற்பொடி குடிகளுக்கு. இச்சில வரிகளிலே ஓர் அரசின் இயக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வரிக்கணக்கு எழுதத் தெரிந்தவன் வேண்டும். ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள கடன்காரனையும் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும். முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் நம்புவதற்கு ஓர் ஆணை வேண்டும். இவை மூன்றையும் இஸ்லாம் கொடுத்தது. அதனாலேயே அது முதலில் வணிகனின் மார்க்கமாகவும், அடுத்து அரசவையின் மார்க்கமாகவும் ஆயிற்று.

அல்-பக்ரி கூறும் இன்னொரு கதை இதனினும் முக்கியமானது. மலல் என்னும் நாட்டிலே மழை பொய்த்தது. காளைகளைப் பலியிட்டும் பயனில்லை. அரசனின் விருந்தினனாயிருந்த முஸ்லிம் ஒருவன் அவனுக்கு இஸ்லாத்தைப் போதித்து, இரவு முழுவதும் அவனோடு தொழுதான். விடியலில் மழை கொட்டியது. அரசன் தெய்வச் சிலைகளை உடைத்து முஸ்லிமானான். அவன் குடும்பமும் பிரபுக்களும் முஸ்லிம்களாயினர். நாட்டுப் பொதுமக்களோ பழைய வழிபாட்டிலேயே இருந்துவிட்டனர். கதையை எழுதிய அறிஞருக்கு மழையே முக்கியம். நமக்கோ கடைசி வாக்கியம் முக்கியம். மழை எல்லோருடைய வயலிலும் பெய்தது; மார்க்கம் மாத்திரம் பிரபுக்களின் வாயிலோடு நின்றுவிட்டது. ஏன்?

இதற்கு விடையை மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிந்திய அல்-உமரி தாமறியாமலே தருகிறார். மாலி மன்னர்கள் பொன் விளையும் ஊர்களைக் கைப்பற்றி அங்கே இஸ்லாம் பரவி, தொழுகைக்கான அழைப்பு எழுந்ததும், பொன் குறைந்து மறைந்துவிடுவதையும், அயலிலுள்ள முஸ்லிமல்லாதார் நிலத்திலே அது பெருகுவதையும் அனுபவத்திற் கண்டார்களாம். எனவே அவ்வூர்களை அப்படியே விட்டுவிட்டுத் திறையை மாத்திரம் பெற்றுக்கொண்டார்களாம். இதனைப் பொன்னின் மாயம் என்று படிப்பவர் படிக்கட்டும். சுரங்கத்திலே உழைப்பவனைத் தன் மார்க்கத்தவனாக ஏற்றுக்கொண்டால், அவனிடமிருந்து பழையபடி பொன்னைப் பெற முடியாது என்பதை அரசர்கள் உணர்ந்திருந்தனர் என்றே நாம் படிக்கிறோம். பக்திமிக்க மன்னர்கள் நற்செய்தியைப் பரப்பாமல் நிறுத்திக்கொண்ட எல்லை, பொற்சுரங்கத்தின் எல்லையாக அமைந்தது தற்செயலன்று.

இனி வாய்மொழிக் காவியத்துக்கு வருவோம். மாலியின் நிறுவனன் சுந்தியாட்டா கெய்தாவின் கதையைக் கினி நாட்டு வரலாற்றாசிரியர் ஜிப்ரில் தம்சிர் நியான் 1960 இலே பிரெஞ்சில் வெளியிட்டார். மமாது குயாத்தே என்னும் பாணர் சொல்லக் கேட்டு எழுதியது அது. மாந்தே மக்கள் 'ஜெலி' என்றும், பிரெஞ்சுக்காரர் 'கிரியோ' என்றும் அழைக்கும் இப்பாணர்கள், தந்தையிடமிருந்து மகன் பெறும் மரபாக அரசகுலங்களின் வரலாற்றைக் காத்து வந்தவர்கள். கினி 1958 இலே விடுதலை பெற்றது என்பதை எண்ணும்பொழுது, எழுத்தில்லாத வரலாறு வரலாறாகாது என்று படித்து வந்த ஒரு தலைமுறைக்கு இந்நூல் எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை நாம் உணரலாம்.

நடக்கமுடியாத குழந்தையாயிருந்த சுந்தியாட்டா, கொல்லர் வடித்த இரும்புக் கோலை ஊன்றி எழுந்து நிற்கும் இடம், உலகக் காவியங்கள் எவற்றோடும் வைத்து எண்ணத்தக்கது. எருமையாக உருமாறிய பெண்ணோடு தொடர்புபட்ட தாய் சோகொலோன். நாடு கடந்து வாழ்ந்த ஆண்டுகள். சொஸ்ஸோ நாட்டு மந்திரவாதி அரசன் சுமங்குறு காந்தேயோடு 1235 அளவிற் கிரினாவில் நிகழ்ந்த போர். வெண்சேவலின் முள் பொருத்திய அம்பு பட்டுச் சுமங்குறுவின் ஆற்றல் அழிதல் ஆகியவற்றை ஒருமுறை படித்தவர் மறவார். இக்கதையில் இஸ்லாம் எங்கே இருக்கிறது? தொடக்கத்திலேயே இருக்கிறது. கெய்தா அரசகுலத்தின் முதல்வர் நபிகள் நாயகத்தின் ஊழியரான பிலால் என்றும், அவர் மைந்தரொருவர் புனித நகரை விட்டு மாலிக்கு வந்தார் என்றும் பாணர் கூறுகிறார். பிலால், மக்காவிலே அடிமையாயிருந்து விடுதலை பெற்ற அபிசீனிய வழியினர். தொழுகைக்கு முதன்முதலில் அழைப்பு விடுத்தவர். அறபு நாட்டிலே எத்தனையோ உயர்குலங்கள் இருக்க, மாந்தேப் பாணர் தம் அரசர்க்கு மூதாதையாகத் தேர்ந்தெடுத்தது அந்தக் கறுப்பரைத்தான். இதை வெறும் பொய்வமிசாவளி என்று தள்ளிவிடும் ஆராய்ச்சியாளர், காவியத்தின் உயிர்நாடியையே தவறவிடுகிறார். புதிய மார்க்கத்தை ஏற்றுக்கொண்ட மக்கள், அம்மார்க்கத்தின் தோற்றுவாயிலே தமக்கும் ஓரிடம் உண்டு என்று கூறிய முறை இது.

ஆனால் இதே காவியத்தைப் பார்த்து நாம் வேறு சில வினாக்களையும் கேட்கவேண்டும். பகைவனாகிய சுமங்குறு யார்? காந்தே குலத்தவன், கொல்லர் குலம். மாந்தே சமுதாயத்திலே கொல்லரும் தோல்வினைஞரும் பாணரும் தத்தமக்குள்ளேயே மணஞ்செய்யும் 'நியமகலா' என்னும் பிரிவினர்; அவர் இல்லாமல் எதுவும் நடவாது, அவரோடு மணவுறவு கொள்ளலாகாது. இந்த அமைப்பை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. இரும்பு வடிப்பவனே அரசனாயிருந்த ஆட்சி வீழ்ந்து, உயர்குடியாளரின் ஆட்சி எழுந்த கதை, வென்றவனின் பாணனால் நமக்குச் சொல்லப்படுகிறது. நியானின் நூலிலே சுமங்குறு கொடுமையின் முழுவடிவம். வா கமிஸ்ஸோக்கோ என்னும் இன்னொரு மரபுரைஞர் சொல்ல யூசுப் தாத்தா சிஸ்ஸே வெளியிட்ட கதையிலோ, அவன் அடிமை வணிகத்தை எதிர்த்து நின்றவனாகத் தோன்றுகிறான். இவற்றுள் எது உண்மை என்று தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. சுந்தியாட்டா காவியம் என்று ஒரே நூலைக் கையிலே வைத்துக்கொண்டு அதனை மாலியின் குரல் என்று வகுப்பிலே கற்பித்தல் பிழை என்பதே நாம் கூறுவது.

நியான் செய்த இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. அவர் பாட்டை உரைநடைக் கதையாக்கினார்; அதனால் நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது; அதனாலேயே அதன் இசையும் இழக்கப்பட்டது. 1968 இல் ஃபா-திகி சிஸோக்கோ என்னும் பாணர் பாடியதை ஜோன் வில்லியம் ஜோன்சன் அடியடியாக வெளியிட்டுள்ளார். அதிலே பாணர் ஒவ்வோர் அடியையும் பாட, பக்கத்திலிருப்பவர் 'நாமு' என்று ஒப்புதல் கூறிக்கொண்டே போகிறார். 'நாமு' என்பது 'ஆம்' எனப் பொருள்படும் அறபுச் சொல்லின் வழிவந்தது. எருமைப் பெண்ணைப் பற்றியும் மந்திர அம்பைப் பற்றியும் பாடும் பாட்டுக்கு, அறபுச் சொல்லாலே ஆமோதிப்பு! பழமையும் புதுமையும் அங்கே கலந்த முறையை இந்த ஒரு சொல் காட்டுவதுபோல நூறு பக்க ஆராய்ச்சியும் காட்டாது.

பாணரைக் கண்ணாற் கண்ட அறபுச் சாட்சி ஒருவர் உண்டு. 1344 இல் நமது தீவுக்கு வந்து, ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, சிவனொளிபாதமலை ஏறிச் சென்ற அதே இப்னு பதூதா, 1352 இலே மாலிக்குச் சென்றார். பெருநாள் தினத்திலே பாணர்கள் இறகுகளாலான உடையும் பறவைத் தலையும் அணிந்து மன்னன்முன் நின்றனர். இந்த ஆசனத்தில் இருந்த முன்னோர் இன்னின்ன நற்செயல் செய்தனர், நீயும் உனக்குப்பின் பேசப்படுவன செய் என்று கூறினர். இது இஸ்லாம் வருவதற்கு முன்னிருந்தே தொடரும் வழக்கம் என்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும் எழுதுகிறார். அவருக்கு அது நகைப்புக்கிடமான கோலம். புறத்துறைகளிலே செவியறிவுறூஉ என்பதைப் படித்தவர்கள் நகைக்கமாட்டார்கள்.

இப்னு பதூதாவின் பயணநூலைப் படிக்கும்போது அவருடைய மெச்சுதலையும் முகச்சுளிப்பையும் தனித்தனியே பிரித்தறிதல் வேண்டும். மாலியின் நீதியையும், வழிப்பறியில்லாத பாதைகளையும், மக்கள் தொழுகையிலே காட்டும் ஊக்கத்தையும், குர்ஆனை மனனஞ் செய்யாத பிள்ளைகளுக்கு விலங்கிடும் கண்டிப்பையும் அவர் மெச்சுகிறார். வலாத்தா நகரிலே தொழுகை தவறாத முஸ்லிம்களிடையே மகனுக்கன்றிச் சகோதரியின் மகனுக்கே சொத்துச் செல்வதைக் கண்டு வியக்கிறார்; மலபாரிலே முஸ்லிமல்லாதாரிடம் தவிர வேறெங்கும் இதனைத் தாம் கண்டதில்லை என்கிறார். மருமக்கட்டாயம் அறிந்த நமக்கு இந்த ஒப்பீடு நெருக்கமானது. பெண்கள் ஆண்களோடு தோழமை கொண்டிருப்பதையும் அவர் பொறுக்கவில்லை. ஆனால் முகஞ்சுளிக்க வேண்டிய வேறிடங்களிலே அவர் முகம் சுளிக்கவேயில்லை. அவைதாம் நமக்கு வேண்டியவை.

மாலியைப் பற்றி வகுப்பிலே ஒருமுறை பேசியபோது, "உப்புக்குப் பொன்னைக் கொடுத்தவர்கள் மூடர்களா, சேர்?" என்று மாணவன் ஒருவன் நம்மைக் கேட்டான். சரியான வினா. அறபு நூல்களையும் ஐரோப்பிய நூல்களையும் மேலோட்டமாகப் படித்தால் அப்படித்தான் தோன்றும். நாம் அவனுக்குத் தகாஸாவைப் பற்றிக் கூறினோம். சிஜில்மாஸாவிலிருந்து பாலைவனத்திலே இருபத்தைந்து நாட் பயணம். மரமில்லாத ஊர். வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களாற் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் வேயப்பட்டவை. அங்கே வாழ்வோர் உப்பு வெட்டும் அடிமைகள் மாத்திரமே. அவர்கள் உண்ணும் பேரீச்சம்பழம் வடக்கிலிருந்தும் தினைவகை தெற்கிலிருந்தும் வரவேண்டும். ஒட்டகம் வராவிட்டால் உணவில்லை. அங்கிருந்து வலாத்தாவுக்கு வந்து சேரும் ஒரு சுமை உப்பு 8 முதல் 10 மிஸ்கால் பொன். மாலித் தலைநகரிலே 20, 30, சிலவேளை 40 மிஸ்கால். உப்பின் விலையிலே அடங்கியிருப்பது அந்த அடிமையின் முதுகும் அந்த ஒட்டகத்தின் நடையும் என்று சொன்னபோது மாணவன் விளங்கிக்கொண்டான். பொன் கொடுத்தவரும் மூடரல்லர். உப்புக் கொடுத்தவரும் மாயக்காரரல்லர். இருபுறத்தும் பெயரில்லாத கைகள் உழைத்தன. பெயருள்ளவர்கள் நடுவிலே நின்று வரி வாங்கினர்.

இப்னு பதூதா 1353 இலே தகத்தாவின் செப்புச் சுரங்கத்தையும் கண்டார். அங்கும் அடிமைகளே உழைத்தனர். அவர் வீடு திரும்பிய வணிகக் கூட்டத்திலே அறுநூறு அடிமைப் பெண்கள் கொண்டுசெல்லப்பட்டனர். இதனை அவர் ஒரு பயணக் குறிப்பாக ஒரு வாக்கியத்திற் கூறி, அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார். வெற்றுமார்பினரான பெண்களைக் கண்டு நாணிய அறிஞர் அந்த அறுநூறு பேரோடு பாலைவனத்தைக் கடந்திருக்கிறார்.

அடுத்தது திம்புக்து அறிஞர்களின் ஏடுகள். 1655 அளவில் அல்-ஸஃதி எழுதிய 'தாரீக் அல்-சூடான்' இவற்றுட் சிறந்தது. இந்நூலின்றிச் சொங்காய்ப் பேரரசின் வரலாற்றை எழுதவியலாது. ஆனால் அதன் ஆசிரியர் எந்தத் திண்ணையில் இருந்து எழுதுகிறார் என்பதை மறக்கலாகாது. 1464 முதல் 1492 வரை ஆண்ட சொன்னி அலி, சங்கோரே அறிஞர்களைத் துன்புறுத்தியவன். ஆகவே ஏட்டிலே அவன் கொடுங்கோலன். 1493 இலே ஆட்சியைக் கைப்பற்றிய அஸ்கியா முகம்மது அறிஞர்களைப் போற்றியவன்; ஆகவே அவன் அறத்தின் காவலன். சொன்னி அலியை இறைமறுப்பாளனென்றும், அவன் வழிவந்தோரை வென்றது நியாயமென்றும் தீர்ப்பளிக்க வடக்கிலிருந்து அல்-மகீலி என்னும் சட்ட அறிஞரும் கிடைத்தார். நாட்டு மக்களின் வாய்மொழியிலோ சொன்னி அலி இன்றும் பெரும் மந்திர வீரன். அறிஞர் வெறுத்தவனை மக்கள் நேசித்தனர் என்று உடனே முடிவுகட்டவும் நாம் விரும்பவில்லை. அவனுடைய படையெடுப்புகளால் அழிந்த கிராமங்களின் வாய்மொழியை யார் கேட்டார்கள்?

ஏடு என்றால் பக்திவிநயத்தோடு கைகூப்பும் பழக்கம் தமிழ் படித்தவர்களாகிய நம்மிடம் உண்டு. அப்பழக்கத்தைத் தெளியச்செய்ய 'தாரீக் அல்-ஃபத்தாஷ்' போதும். 1913 இலே பிரெஞ்சு அறிஞர் ஊடாவும் தெலஃபோஸும் பதிப்பித்த இந்நூல், நெடுங்காலம் சொங்காய்க் காலத்து மூலமாகவே மதிக்கப்பட்டது. அதன் ஒரு பிரதியிலே பிற்காலத்தார் கைவைத்திருக்கின்றனர் என்று 1971 இலே நெஹேமியா லெவ்ட்சியோன் சுட்டிக்காட்டினார். மௌறோ நோபிலி 2020 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் முன்சென்றது. பதினேழாம் நூற்றாண்டு ஏடொன்றை எடுத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மாசினாவில் ஆட்சி நிறுவிய அகமது லொப்போவுக்காக நூஹ் இப்னு அல்-தாஹிர் என்னும் அவைப்புலவர் புதியதொரு நூலாக்கினார் என்றும், அச்சுப் பதிப்பு இவ்விரண்டையும் கலந்துவிட்டது என்றும் அவர் காட்டுகிறார். அகமது லொப்போவின் வருகையை அஸ்கியாவின் காலத்திலேயே முன்னறிவித்ததாக எழுதப்பட்டிருப்பது இதனாலேயே. அதுமட்டுமன்று. இன்னின்ன குலத்தார் பழைய காலந்தொட்டே அரசனின் அடிமைகள் என்னும் பட்டியலும் சேர்க்கப்பட்டது. ஒரு புலவனின் எழுதுகோல் ஊர்ஊராக மனிதரைப் பின்னோக்கி அடிமையாக்கிவிட்டது.

ஆனால் அறிஞர் யாவரையும் ஒரே தராசில் நிறுப்பது அநீதி. 1591 இலே மொறோக்கோ சுல்தானின் படை துப்பாக்கிகளோடு பாலைவனத்தைக் கடந்து வந்து சொங்காயை வீழ்த்தியது. முஸ்லிம் அரசன் முஸ்லிம் அரசை அழித்த இப்போர், மதத்தை மாத்திரம் கொண்டு வரலாற்றை விளக்குவோர்க்கு ஒரு முள். திம்புக்துவின் பேரறிஞர் அகமது பாபா கைதியாக மறாக்கேஷ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1608 இலேதான் ஊர் திரும்பினார். 1615 இலே, எந்த நாட்டுக் கறுப்பரை அடிமையாக்கலாம் என்று வடக்கிலிருந்து வந்த வினாக்களுக்கு அவர் விடை எழுதினார். கறுப்பு நிறம் அடிமைத்தனத்துக்குக் காரணமாகாது. நூஹ் நபியின் மகன் ஹாம் சாபம் பெற்றதால் அவன் வழியினர் அடிமைகள் என்பது ஆதாரமற்றது. முஸ்லிமாயிருக்கும் எவனையும் எந்நிறத்தவனாயினும் அடிமையாக்கலாகாது என்று உறுதியாகக் கூறினார். அதே காலத்திலே அத்திலாந்திக் கரையில் ஐரோப்பியர் அந்தச் சாபத்தையே சாட்டாக வைத்து மனிதரைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், அகமது பாபாவின் பெருமை விளங்கும். எனினும், முஸ்லிமல்லாதவனைப் போரிற் பிடித்து அடிமையாக்கல் ஆகும் என்ற சட்டத்தை அவர் தொடவில்லை. பாலைவனத்தைக் கடந்த அந்த அறுநூறு பெண்களுக்கு அவருடைய தீர்ப்பு உதவியிராது.

அவர்களுக்காக யார் பேசினார்? செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் 1977 இலே எடுத்த 'செத்தோ' என்னும் திரைப்படம் இவ்விடத்தை நிரப்ப முயன்ற ஒரு படைப்பு. இமாம் ஒருவர் அரசவையிலே செல்வாக்குப் பெற்று, அரசன் இறந்தபின் ஆட்சியைக் கைக்கொண்டு, மக்களின் தலையை மழித்துப் புதுப்பெயர் சூட்டுகிறார். அவ்வாறு பெயர் மாற்றப்படும் குடியானவருள் ஒருவராகச் செம்பேனே தோன்றுகிறார். ஊர்நடுவிலே வெள்ளை வணிகன் ஒருவன் வாய்பேசாமல் துப்பாக்கிக்கு ஆள் வாங்கிக்கொண்டிருக்கிறான். ஈற்றில் அரசகுமாரி தியோர் யசீன் இமாமைச் சுட்டுக் கொல்கிறாள். படத்தைச் செனகல் அரசு தடைசெய்தது. தலைப்பிலே 'த்' இரட்டிக்கலாகாது என்பது அது சொன்ன காரணம்! கவிஞரும் இலக்கண வல்லுநருமான செங்கோர் குடியரசுத் தலைவராயிருந்த காலம் அது. மதத்தின் பெயரால் ஆட்சியைப் பிடிப்போரை இவ்வளவு துணிவோடு காட்டிய படைப்புகள் சிலவே.

ஆயினும் முற்போக்குப் படைப்பு என்பதனாலே அதனை ஆராயாமல் ஏற்றல் நமக்கு அழகன்று. செம்பேன் 'செத்தோ' என்பதை, புதிய மார்க்கத்தை மறுத்துநின்ற மக்கள் என்ற பொருளிலே கையாளுகிறார். வரலாற்றிலே அச்சொல், பெரும்பாலும், அரசர்களின் அடிமைப் படைவீரர்களைக் குறித்தது. கிராமங்களிற் புகுந்து உழவரைப் பிடித்து அத்திலாந்திக் கப்பல்களுக்கு விற்றவர்கள் அவர்கள்தாம். அப்பிடியிலிருந்து தப்ப உழவர் பலர் மார்க்க அறிஞர்களின் ஊர்களிலே தஞ்சம் புகுந்தனர். செனகல் ஆற்றங்கரையிலுள்ள பூத்தா தோரோவிலே 1776 அளவில் அறிஞரும் உழவரும் சேர்ந்து பழைய ஆட்சியை வீழ்த்தினர். அங்கே தலைமை ஏற்ற அப்துல் காதர் கான், முஸ்லிம்களை அடிமைகளாக விற்பதைத் தம் நாட்டிலே தடுத்தார். மலல் நாட்டிலே பிரபுக்களின் வாயிலோடு நின்றிருந்த மார்க்கம், ஏழு நூற்றாண்டுகளின் பின் இங்கே குடியானவனின் கேடயமாயிற்று. அகமது பாபாவின் எல்லையை இவர்களும் தாண்டவில்லைத்தான். ஆனால் செத்தோவின் துப்பாக்கிக்கு அஞ்சி, மனைவி மக்களோடு இரவோடிரவாக இமாமின் ஊருக்கு ஓடிய உழவனுக்குச் செம்பேனின் படத்திலே இடமில்லை.